குளிராத புதிய குளிரூட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. பாரிசவாதத்தால் படுக்கையில் இருக்கும் என் தகப்பனாருக்காக, கனடாவிலுள்ள தம்பி அனுப்பிய பணத்தில், 12,000 பி.ரி.யு. (குளிரூட்டும் ஆற்றலின் அலகு) அளவுள்ள இன்வேட்டர் குளிரூட்டி ஒன்றை மூன்று வாரங்களுக்கு முன்னர் பூட்டினோம். அறை பதினான்கு அடிக்குப் பதினான்கு அடி. கூரை அஸ்பெஸ்டஸ் சீற், அதன் கீழே மெல்லிய சீலிங். ரிமோட்டில் 18 வைத்தாலும் பிற்பகல் இரண்டு மணிக்கு அறை 29 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. இரவு பத்து மணிக்குப் பின்னர் ஓரளவு குளிர்கிறது. வெளிப்பெட்டி தென்மேற்குப் பார்த்த பின்பத்தியில் இருக்கிறது. குழாயின் நீளம் ஏறத்தாழ 30 அடி. பூட்டியவர் ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்துச் சென்றார். மீண்டும் அழைத்தபோது, இந்தப் பக்கத்து மின்சாரம் போதாது என்றும், கொஞ்சம் காஸ் அடித்தால் சரியாகிவிடும், அதற்குத் தனியாகப் பணம் தரவேண்டும் என்றும் சொல்கிறார். தம்பியோ, பெட்டியில் ‘ஹீற் பம்ப்’ என்று எழுதியிருப்பதைப் படத்தில் பார்த்துவிட்டு, அது வீட்டைச் சூடாக்கும் இயந்திரம், கடையில் மாறித் தந்துவிட்டார்கள் என்கிறார். நாங்கள் எதை நம்புவது?
- ஒரு வாசகி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் தம்பியாரின் ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். கிணற்றுப் பம்பி நீரை உண்டாக்குவதில்லை, ஓரிடத்து நீரை இன்னோரிடத்துக்கு ஏற்றுகிறது; அதுபோலவே வெப்பப் பம்பியும் ஓரிடத்து வெப்பத்தை எடுத்து இன்னோரிடத்தில் கொண்டுபோய் விடுகிறது. அறையின் வெப்பத்தை வெளியே கொண்டு செல்லும் எந்தக் குளிரூட்டியும் இந்த வேலையைத்தான் செய்கிறது. ‘ஹீற் பம்ப்’ என்று எழுதப்பட்ட வகையில் நான்கு வழி வால்வு ஒன்று மேலதிகமாக இருப்பதால், குழாய்க்குள் சுற்றி வெப்பத்தைச் சுமக்கும் காஸ் ஓடும் திசையை மாற்றி, வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரவும் அதனால் முடியும். கனடாவின் பனிக்காலத்தில் வாழும் ஒருவருக்கு அந்தப் பயனே முதலில் கண்ணில் படுவது இயல்பு. தங்களுக்குத் தந்தது மாறிய பொருளல்ல. ஆனால் இந்த வகையில் ஒரு கவனம் வேண்டும்: ரிமோட்டில் சூரியன் வடிவ அடையாளம் தெரிந்தால் இயந்திரம் சூடாக்கும் நிலையில் இருக்கிறது, பனிப்பூ வடிவ அடையாளமே குளிரூட்டும் நிலை. ‘ஓட்டோ’ நிலையைத் தவிர்த்து நேரடியாகப் பனிப்பூவில் வையுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ‘ஈக்கோ’ பொத்தானோ, இயந்திரத்தின் வலுவை நூற்றுக்கு 40, 60, 80 என்று மட்டுப்படுத்தும் பொத்தானோ அழுத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பூட்ட வந்தவர்கள் சோதனையின்போது அழுத்திவிட்டு அப்படியே விட்டுச் சென்ற இடங்கள் உண்டு.

இனி உண்மையான கேள்விக்கு வருவோம். குளிர் போதவில்லை என்று சொல்லும்போது இரண்டு வேறு நோய்கள் ஒரே பெயரில் பேசப்படுகின்றன. இயந்திரம் தன் முழு வேலையைச் செய்யாமல் இருப்பது ஒன்று. அது முழு வேலையையும் செய்தும், அறைக்குள் வந்து சேரும் வெப்பம் அதைவிட மிகுதியாக இருப்பது மற்றொன்று. முதலாவதற்குரிய மருந்து இரண்டாவதற்கு உதவாது. இவற்றுள் எது என்று அளந்து பார்க்காமல் காஸ் அடிக்க ஒருவரையும் அனுமதிக்க வேண்டாம் என்பதே நான் தங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்பும் விடயம்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. அறை வெப்பநிலையைக் காட்டும் சிறிய இலக்க வெப்பமானி ஒன்று போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது ஏறத்தாழ 35 பாகைக்கு மேல்தான் அளக்கும். அறை நன்றாகச் சூடேறியிருக்கும் பிற்பகலில், கதவு சன்னல்களைச் சாத்தி, ரிமோட்டில் 18 வைத்து, விசிறியை மிகக் கூடிய வேகத்தில் விட்டு, இருபது நிமிடங்கள் ஓடவிடுங்கள். அதன் பிறகு, உட்பெட்டியின் மேற்புறத்தில் காற்று உள்ளே இழுக்கப்படும் இடத்தில் வெப்பமானியைச் சில நிமிடங்கள் வைத்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்; பின்னர் குளிர்ந்த காற்று வெளிவரும் வாயில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே 10 முதல் 12 பாகை வரை வித்தியாசம் இருந்தால், அதாவது 29 பாகையில் உள்ளே போகும் காற்று 17 அல்லது 19 பாகையில் வெளியே வந்தால், இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறது. மழைக்காலத்து ஈரக்காற்றில் இந்த வித்தியாசம் 8 பாகை வரை இறங்கலாம். சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் வறண்ட நாளில் அதற்குக் கீழே இறங்கக்கூடாது. சோதனையை இரவில் செய்யாதீர்கள். இன்வேட்டர் இயந்திரம் அறை குளிர்ந்தவுடன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், நல்ல இயந்திரமும் அப்போது பழுதானதுபோலத் தோன்றும்.

வித்தியாசம் ஐந்து ஆறு பாகைதான் வருகிறது என்றால் பழுது இயந்திரத்தின் பக்கமோ, அதைப் பூட்டிய முறையின் பக்கமோ இருக்கிறது. தங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்த 30 அடிக் குழாய். தொழிற்சாலையில் வெளிப்பெட்டிக்குள் அடைத்து அனுப்பப்படும் காஸ், பெரும்பாலும் 5 மீற்றர் அல்லது 7.5 மீற்றர் நீளமான குழாய்க்குக் கணக்கிடப்பட்டது. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மீற்றருக்கும் இத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்று இயந்திரத்தோடு வரும் பொருத்தற் கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள். ஆர் 32 வகைக் காஸ் உள்ள இந்த அளவு இயந்திரங்களுக்கு அது பொதுவாக 15 முதல் 20 கிராம் வரை இருக்கும். தங்கள் குழாய் 9 மீற்றர். கையேட்டில் 5 மீற்றர் என்றும் 20 கிராம் என்றும் இருந்தால், 80 கிராம் சேர்த்திருக்க வேண்டும். இத்தகைய இயந்திரத்தின் மொத்தக் காஸே அரைக் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் இடைப்பட்டது என்பதால், 80 கிராம் சிறிய குறை அல்ல. அது சேர்க்கப்பட்டதா என்று கேளுங்கள். சேர்க்கப்படவில்லை என்றால், அது பூட்டும் வேலையில் விடுபட்ட ஒரு பகுதி. அதற்குத் தனிப் பணம் கேட்பது நியாயமாகாது.

ஆனால் அதைச் சேர்க்கும் முறையிலும் கண்டிப்பு வேண்டும். அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே ‘போதும்’ என்று நிறுத்துவது, ஒரே வேகத்தில் ஓடும் பழைய கொம்பிரசர்களுக்கு (காஸை அமுக்கிச் சுற்றவிடும் பாகம்) பழகிப்போன வழி. இன்வேட்டரில் கொம்பிரசரின் வேகம் கணத்துக்குக் கணம் மாறுவதால் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த முள் உண்மையைச் சொல்லாது. காஸ் சிலிண்டரைத் தராசில் வைத்து, குறைவாக உள்ள கிராமைக் கணக்கிட்டே ஏற்ற வேண்டும். எவ்வளவு காஸ் உள்ளே இருக்கிறது என்பதே தெரியாத நிலை வந்துவிட்டால், இருப்பதை முழுவதும் ஒரு சிலிண்டருக்குள் மீட்டெடுத்து, வெற்றிடமாக்கி, வெளிப்பெட்டியின் தகட்டில் எழுதியுள்ள அளவையும் குழாய்க்குரிய மேலதிகத்தையும் சேர்த்துப் புதிதாகத் தராசில் நிறுத்து ஏற்றுவதே சரியான வேலை. தராசு இல்லாமல் வருபவரைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். அளவுக்கு மிஞ்சிய காஸும் குளிரைக் குறைக்கும், கொம்பிரசரையும் கெடுக்கும்.

பூட்டிய நாளன்று வட்டமான சிறு இயந்திரம் ஒன்றைக் குழாயில் இணைத்துப் பதினைந்து இருபது நிமிடங்களாவது ஓடவிட்டதை வீட்டில் யாராவது கண்டார்களா? அதுதான் வக்கியூம் பம்ப். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது அது. சிலர் அந்த வேலையை விட்டுவிட்டு, வால்வைச் சற்றுத் திறந்து, இயந்திரத்தின் காஸையே கொஞ்சம் வெளியே சீற விட்டுக் காற்றைத் தள்ளிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் காஸும் குறைகிறது, காற்றும் மிஞ்சுகிறது. மிஞ்சிய காற்று அழுத்தத்தைக் கூட்டிக் குளிரைக் குறைக்கிறது. மிஞ்சிய ஈரம் கொம்பிரசரின் எண்ணெயைப் புளிக்கச் செய்து, சில ஆண்டுகளில் இயந்திரத்தையே கொன்றுவிடுகிறது. முதல் மாதக் குளிரைவிட எனக்கு இந்தப் பின்விளைவே பெரிய கவலை. வக்கியூம் எடுக்கவில்லை என்பது உறுதியானால், உத்தரவாதக் காலத்திலேயே அந்த வேலையை மீளச் செய்து தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள்.

காசு எதுவும் செலவாகாத ஒரு சோதனையும் உண்டு. வெளிப்பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு பித்தளை வால்வுகள் மூடிகளோடு இருக்கும். அலன் கீ என்னும் அறுகோணத் திறப்பால் இரண்டையும் முழுவதுமாகத் திறக்க வேண்டும். அவசரத்தில் மெல்லிய குழாயின் வால்வு பாதியே திறக்கப்பட்டிருந்தால், காஸ் குறைந்த இயந்திரத்தின் எல்லா அறிகுறிகளும் தோன்றும்: மெல்லிய குழாயின் முனையில் வெண்பனி படியும், உட்பெட்டியின் குளிர்ச்சுருளில் ஒரு பகுதி மட்டும் ஈரமாகி மற்றப் பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கும். மூடிகளைத் திறப்பதற்கு முன்பே குழாய்கள் சந்திக்கும் நட்டுகளில் சவர்க்கார நுரையைப் பூசி, குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆர் 32 மெதுவாகத் தீப்பற்றக்கூடிய காஸ் என்பதால் நெருப்புக்கொள்ளியோ மெழுகுதிரியோ அந்தப் பக்கம் போகக்கூடாது.

இவ்வளவையும் சொன்ன பிறகும், தங்கள் கடிதத்திலிருந்து நான் ஊகிப்பது வேறு. பகலில் தோற்று, இரவு பத்து மணிக்குப் பின்னர் குளிரும் இயந்திரம், காஸ் சற்றுக் குறைந்திருந்தாலும் பெரும்பாலும் உயிரோடு இருக்கும் இயந்திரம். பகலில் அதற்கு எதிராக நிற்பவை இரண்டு: பின்பத்தியும் கூரையும்.

குளிரூட்டியின் ஆற்றலை, வெளிக்காற்று 35 பாகையில் இருக்கும்போதே அளந்து 12,000 என்று குறிக்கிறார்கள். அந்த 12,000 பி.ரி.யு. என்பது மூன்றரைக் கிலோவாற்று. 907 கிலோ பனிக்கட்டி ஒரு பகலும் ஓர் இரவும் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்துக்குச் சமம். வெளிப்பெட்டி இழுக்கும் காற்று 35 பாகையைத் தாண்டத் தாண்ட இந்த ஆற்றல் குறைகிறது. தகரம் வேய்ந்த பின்பத்தி மூன்று பக்கமும் அடைபட்டிருந்தால், பெட்டி வெளியேற்றும் சூடான காற்று போக வழியின்றிச் சுழன்று, அதே பெட்டியின் முதுகால் மறுபடியும் உள்ளே போகிறது. தங்கள் பத்தி தென்மேற்குப் பார்த்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோழகம் வீசுவது அந்தத் திசையிலிருந்துதான். விசிறி வெளியே தள்ளும் வெப்பத்தைக் காற்று எதிர்த்து உள்ளே தள்ளுகிறது. இரவில் காற்றும் தணிந்து வெக்கையும் குறையும்போது இயந்திரம் மூச்சு விடுகிறது. பிற்பகலில் வெப்பமானியை வெளிப்பெட்டியின் முதுகுப்புறத்தில் வைத்து ஒருமுறையும், முற்றத்து வேம்பின் நிழலில் வைத்து ஒருமுறையும் பாருங்கள். பெட்டியின் முதுகில் ஐந்து பாகைக்கு மேல் கூடுதலாக இருந்தால் அந்த இடம் தவறானது. பெட்டியைப் பத்திக்கு வெளியே, வடக்கு அல்லது கிழக்குச் சுவரில், முன்னால் ஒரு மீற்றராவது திறந்த வெளியும் பின்னால் ஒரு சாண் இடைவெளியும் விட்டு மாற்றச் சொல்லுங்கள். வெயில் படுமே என்று அஞ்ச வேண்டாம். திறந்த வெளியில் படும் வெயிலைவிட அடைபட்ட நிழலில் தேங்கும் வெப்பம் மிகக் கொடியது. பத்தியில் விறகு அடுப்பும் இருக்குமானால் அதன் புகைக்கரி பெட்டியின் செதில்களில் படிந்து அடைத்துவிடும். அதற்காகவும் மாற்ற வேண்டும். குழாய் நீளத்தைக் குறைக்கவும் இது நல்ல வாய்ப்பு.

கூரையைப் பற்றிச் சொல்வதானால், உச்சி வெயிலில் அஸ்பெஸ்டஸ் சீற் 60 பாகை அளவுக்குச் சூடேறும். மெல்லிய சீலிங் அந்த வெப்பத்தைச் சிறிதே தடுக்கும். தங்கள் அறையளவுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோவாற்று வரை அந்த வழியாக மட்டும் இறங்கும் என்று மதிப்பிடுகிறேன். அதாவது இயந்திரத்தின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. சீலிங்குக்கு மேலே, பளபளப்பான அலுமினியத் தாள் ஒட்டிய நுரை விரிப்பைப் பரப்பினால் இதில் பெரும் பகுதியைத் தடுக்கலாம். அந்த வேலையின்போது சீற்றை வெட்டவோ துளைக்கவோ உரசவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு, நோயாளி இருக்கும் வீட்டில் அது கூடவே கூடாது.

நம்முடைய வீடுகளில் சன்னலுக்கு மேலே காற்றுத் துவாரங்கள் விட்டுக் கட்டுவது வழக்கம். குளிரூட்டி இல்லாத காலத்தில் அது மிக நல்ல ஏற்பாடு. இப்போது அதே துவாரங்கள் வழியே வெளிவெக்கை உள்ளே வருகிறது. ஒன்பது அடி உயரமுள்ள தங்கள் அறை 50 கன மீற்றர் காற்றைக் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்று மணிக்கு ஐந்து தடவை மாறும்போது, உள்ளும் புறமும் பத்துப் பாகை வித்தியாசம் இருக்கையில், ஏறத்தாழ 800 வாற்று வெப்பம் உள்ளே வருகிறது. சோழகக் காற்றில் ஐந்து தடவை மாறுவது பெரிய விடயமல்ல. துவாரங்களை உட்புறமாகத் தடித்த பொலித்தீன் கொண்டோ பலகை கொண்டோ மூடுங்கள். கதவின் கீழ் இடைவெளிக்குத் துணிச்சுருள் வையுங்கள். தகப்பனாரின் மூச்சுக்காகக் காலையிலும் மாலையிலும் கதவைச் சிறிது நேரம் திறந்து விடுவது போதும்.

மின்சாரம் போதாது என்று பூட்டியவர் சொன்னதை நான் முழுவதும் தள்ளிவிடவில்லை. நமது நாட்டில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. நூற்றுக்கு ஆறு வீதம் கூடியோ குறைந்தோ, அதாவது 216 முதல் 244 வரை இருக்கலாம். மின்மாற்றியிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள கடைசிக் கம்பத்து வீடுகளில் மாலைக் கருக்கலில் இது இறங்குவது உண்டு. அப்போது இன்வேட்டர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஆனால் சொல்வதை விட்டு அளக்கச் சொல்லுங்கள்: இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, மெயின் சுவிச்சில் ஒருமுறை, குளிரூட்டியின் சுவிச்சில் ஒருமுறை. மெயின் சுவிச்சிலேயே 216க்குக் கீழே இருந்தால் மின் விநியோக நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடலாம். மெயினில் நன்றாக இருந்து குளிரூட்டியின் சுவிச்சில் ஐந்து வோல்ற்றுக்கு மேல் குறைந்தால், குறை வீட்டு வயரிலோ மூட்டிலோ இருக்கிறது. அது குளிரைவிட முக்கியமான விடயம், ஏனெனில் சூடேறும் மூட்டு தீப்பிடிக்கும். உடனே மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு திருத்துங்கள். தங்கள் குறை பிற்பகலில் கூடி இரவில் குறைவதால், மின்னழுத்தமே முதற் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

செய்யும் ஒழுங்கைக் கேட்பீர்களானால், இன்றே வெப்பமானி கொண்டு அளந்து எண்களைத் திகதியோடு எழுதி வையுங்கள், துவாரங்களை மூடுங்கள், பத்தியிலுள்ள சாக்குகளையும் விறகையும் அகற்றி மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள். அந்தத் தாளோடு பூட்டியவரை அழைத்தால் பேச்சு வேறு விதமாக இருக்கும். சோதனை முடிந்த பின்னர் ரிமோட்டில் 18 வேண்டாம். தகப்பனாருக்கு 26 பாகையும், முகத்தில் நேராகப் படாமல் மெல்லச் சுழலும் மின்விசிறியும் போதுமானவை.

கேள்வி: சிறிய அறைதானே, விரைவில் குளிரட்டும் என்று பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 24,000 பி.ரி.யு. இயந்திரம் பூட்டினோம். கார்த்திகை மழையில் பத்து நிமிடத்தில் குளிர்கிறது. ஆனால் உடம்பு பிசுபிசுக்கிறது, புழுக்கம் தீரவில்லை. இதுவும் பழுதா?
- ஒரு வாசகர், மாங்குளம்

பதில்: பழுதல்ல, அளவு பெரியது. குளிரூட்டி காற்றைக் குளிர்விப்பதோடு ஈரத்தையும் பிடித்து நீராக வடிக்க வேண்டும். ஒரு லீற்றர் நீரை வடிப்பதற்கு ஏறத்தாழ 0.68 கிலோவாற்று மணி வெப்பத்தை அது அகற்ற வேண்டியிருக்கிறது. பெரிய இயந்திரம் அறையை நொடியில் குளிர்வித்துவிட்டுத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதால், ஈரம் வடிவதற்கு நேரம் கிடைப்பதில்லை. விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, மழை நாட்களில் நீர்த்துளி அடையாளமுள்ள ‘ட்ரை’ நிலையில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு அறைகளுக்கிடையே கதவைத் திறந்து வைத்து அந்த இயந்திரத்துக்கு உரிய வேலையைக் கொடுப்பதும் உதவும்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரைக்கு அருகில் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் காஸ் நிரப்பினால்தான் குளிரும் என்று பூட்டிய இளைஞர் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். அப்படியா?
- ஒரு வாசகி, முல்லைத்தீவு

பதில்: அப்படியில்லை, அம்மா. மோட்டார் சைக்கிளில் பெற்றோல் எரிந்து தீர்வதுபோல இதில் காஸ் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதுவே சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஒழுக்கு இல்லாவிட்டால் பத்து ஆண்டுகளானாலும் அளவு குறையாது. குறைந்தால் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைத்த பின்னரே நிரப்ப வேண்டும். வெளியேறும் ஒரு கிலோ ஆர் 32 காஸ், நூறு ஆண்டுக் கணக்கில் 675 கிலோ கரியமில வாயுவுக்கு ஒப்பாகப் பூமியைச் சூடாக்கும் என்பதையும் அந்த இளைஞரிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். தங்கள் பக்கத்தில் கவனிக்க வேண்டியது உப்புக் காற்று. அது வெளிப்பெட்டியின் அலுமினியச் செதில்களை அரித்து உதிர்த்துவிடும். அதனால் வரும் குளிர்க் குறைவைக் காஸ் குறைவென்று எண்ணி ஏமாறுவார்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கிணற்று நீர் உவரில்லாதிருந்தால் அந்த நீரை மெல்லிய தாரையாக ஊற்றிச் செதில்களைக் கழுவுங்கள். உட்பெட்டியின் வடிகட்டியை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவி நிழலில் உலர்த்திப் போடுங்கள். பெட்டியைக் கடலைப் பார்த்த சுவரில் பூட்டியிருந்தால், அரிப்புத் தொடங்குவதற்கு முன்னரே வீட்டின் மறுபக்கச் சுவருக்கு மாற்றிவிடுங்கள்.